சமூகப் புத்தாக்கத்தில் பல்கலைக்கழகங்களின் பங்கு: செம்மை நெல் சாகுபடியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சமூகத்தின் தேவைகளுக்குப் புதிய தீர்வுகளைக் கண்டு அவற்றைப் பரவலாக்கும் செயல்பாடு சமூகப் புத்தாக்கம் எனப்படுகிறது. இச்செயல்பாட்டில் பல்கலைக்கழகங்களின் பங்கு பெரும்பாலும் கண்டுபிடிப்போடு தொடர்புபடுத்தியே பேசப்படுகிறது. மடகாசுகரில் ஒரு பாதிரியாரும் உழவர்களும் உருவாக்கிய நெல் சாகுபடி முறை, கார்னெல் பல்கலைக்கழகத்தின் வழியாக உலகுக்கு அறிமுகமாகி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளுக்குப் பின் ‘செம்மை நெல் சாகுபடி’ என்னும் பெயரில் தமிழக வயல்களை அடைந்தது. இவ்வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, பல்கலைக்கழகத்திற்கு வெளியே பிறக்கும் அறிவைச் செவிமடுத்தல், சோதித்தல், இடத்திற்கேற்பத் திருத்துதல், அதன் எல்லைகளை வெளிப்படையாகக் கூறுதல் ஆகிய நான்கும் சமூகப் புத்தாக்கத்தில் பல்கலைக்கழகத்திற்கே உரிய பணிகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமூகப் புத்தாக்கம், பல்கலைக்கழகம், விரிவாக்கப் பணி, செம்மை நெல் சாகுபடி, உழவர் வயல் ஆய்வு, தாமிரபரணிப் படுகை.

முன்னுரை

கற்பித்தல், ஆராய்தல், விரிவாக்கம் என்னும் மூன்றும் பல்கலைக்கழகத்தின் கடமைகளாகக் கூறப்படுகின்றன. முதல் இரண்டிற்கும் துறைகளும் பட்டங்களும் இதழ்களும் உள்ளன. மூன்றாவது பெரும்பாலான கலை, அறிவியல் பல்கலைக்கழகங்களில் முகாம்களாகவும் விழிப்புணர்வுப் பேரணிகளாகவும் சுருங்கிவிட்டது. அண்மைக் காலத்தில் ‘சமூகப் புத்தாக்கம்’ என்னும் சொல் உயர்கல்விக் கொள்கை உரையாடல்களில் செல்வாக்குப் பெற்றதை அடுத்து, தொழில் வளர்ப்பகங்களும் புத்தாக்க மையங்களும் பல வளாகங்களில் தோன்றியுள்ளன. மாணவர் ஒருவர் ஒரு கருவியை உருவாக்குவது, அதற்குக் காப்புரிமை பெறுவது, அதைக் கொண்டு நிறுவனம் தொடங்குவது என்னும் வரிசையே புத்தாக்கத்தின் இயல்பான பாதை என்று இம்மையங்கள் கருதுகின்றன.

இப்பாதைக்குப் பொருந்தாத புத்தாக்கங்கள் பல உள்ளன. விற்பதற்குரிய பொருள் எதுவும் இல்லாத, காப்புரிமைக்கு இடம்தராத, மக்களின் நடைமுறை மாற்றத்தை மட்டுமே சார்ந்த புத்தாக்கங்கள் அவை. அத்தகைய ஒன்றில் பல்கலைக்கழகம் என்ன செய்ய இயலும், என்ன செய்யத் தவறும் என்னும் வினாக்களுக்குச் செம்மை நெல் சாகுபடியின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது.

சமூகப் புத்தாக்கம்: கருத்து விளக்கம்

ஒரு சமூகச் சிக்கலுக்கு, நடப்பில் உள்ள தீர்வுகளைவிடப் பயன்மிக்கதும் நீடித்து நிற்பதும் நீதியானதுமான ஒரு புதிய தீர்வு கிடைத்து, அதன் பயன் தனியாரைவிடச் சமூகம் முழுமைக்கும் கூடுதலாகச் சென்று சேருமாயின் அது சமூகப் புத்தாக்கம் ஆகும். ‘புதியது’ என்பது இங்கு ஒப்பீட்டுச் சொல். உலகில் எங்கும் இல்லாததாக இருக்க வேண்டியதில்லை. ஏற்கும் சமூகத்திற்குப் புதிதாக இருந்தால் போதும்.

புத்தாக்கம் எவ்வாறு பரவுகிறது என்னும் ஆய்வே உழவர்களிடமிருந்துதான் தொடங்கியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதையை உழவர்கள் ஏற்றுக்கொண்ட முறையைப் பிரைஸ் ரயன், நீல் கிராஸ் ஆகியோர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். அயோவாவிலேயே பயின்ற எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட ‘புத்தாக்கங்களின் பரவல்’ என்னும் நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. தொடக்கத்தில் புத்தாக்கம் என்பது ஆய்வகத்தில் பிறந்து மக்களைச் சென்றடைவது என்ற கருத்தே மேலோங்கியிருந்தது. பின்னர், ஏற்பவர்கள் தங்கள் சூழலுக்கேற்ப அதைத் திருத்திக்கொள்கின்றனர் என்பதை ரோஜர்சே வலியுறுத்தினார். இதனை மறுபுத்தாக்கம் எனலாம். செம்மை நெல் சாகுபடியில் இவ்விரண்டாவது கருத்தே மெய்ப்படுகிறது.

விரிவாக்கப் பணியின் மரபு

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம், வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கென மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. 1887இல் வந்த ஹாட்ச் சட்டம் அவற்றோடு ஆய்வு நிலையங்களை இணைத்தது. 1914இல் வந்த சுமித்–லீவர் சட்டம் விரிவாக்கப் பணியைச் சேர்த்தது. நிலக்கொடைப் பல்கலைக்கழகம் எனப்படும் இம்மரபில் 1865இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவப்பட்டது கார்னெல் பல்கலைக்கழகம்.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா தன் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களை இம்முன்மாதிரியிலேயே அமைத்தது. முதலாவது 1960இல் பந்த்நகரில் தொடங்கப்பட்டது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்த வேளாண் கல்வி மரபின் தொடர்ச்சியாக, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமும் 1974இல் புதுச்சேரியில் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே தொடங்கப்பட்டது. ஆய்வு வயலுக்கும் உழவர் வயலுக்கும் இடையே நிலையான பாதை ஒன்று ஏற்கெனவே இருந்தமையே பிற்காலத்தில் செம்மை நெல் சாகுபடிக்குக் கைகொடுத்தது.

இப்பாதை பசுமைப் புரட்சிக் காலத்தில் ஒருவழிப் பாதையாகவே பயன்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். விதை, உரம், பூச்சிக்கொல்லி, அவற்றின் அளவு ஆகியன ஆய்வகத்திலிருந்து வயலுக்குச் சென்றன. வயலிலிருந்து ஆய்வகத்திற்கு அறிவு திரும்பி வருவதற்கான ஏற்பாடு வலுப்பெறவில்லை.

பல்கலைக்கழகத்திற்கு வெளியே பிறந்த முறை

பிரெஞ்சு நாட்டு இயேசு சபைப் பாதிரியாரான ஆன்றி தெ லொலானியே 1961இல் மடகாசுகர் சென்றார். வறுமையில் இருந்த நெல் உழவர்களுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், 1980களின் தொடக்கத்தில் அன்ட்சிராபே நகரில் இளைஞர்களுக்கான வேளாண் பள்ளி ஒன்றை நடத்தினார். 1983–84ஆம் பருவத்தில் போதிய மழை இல்லாத நெருக்கடியில், வழக்கத்திற்கு மாறாக ஏறத்தாழ 15 நாள் வயதே ஆன நாற்றுகளை நட நேர்ந்தது. அந்நாற்றுகள் எதிர்பாராத அளவு தூர்கட்டின. உழவர்களிடம் தாம் ஏற்கெனவே கண்டிருந்த ஒற்றை நாற்று நடவு, தொடர்ந்து நீர் நிறுத்தாமை ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து அவர் ஒரு முறையை வகுத்தார்.

1990இல் லொலானியேயும் அவருடைய மலகாசி நண்பர்களும் ‘தெஃபி சைனா’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். ரனோமஃபானா தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள மக்கள் காட்டை அழித்துப் பயிரிடுவதைக் குறைப்பதற்கான மாற்றுவழியைத் தேடிக்கொண்டிருந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு உணவு, வேளாண்மை, வளர்ச்சி நிறுவனம், 1994இல் இவ்வமைப்போடு இணைந்து பணியாற்றத் தொடங்கியது. எக்டேருக்கு ஏறத்தாழ 2 டன் விளைந்த நிலங்களில், புதிய முறையைக் கைக்கொண்ட உழவர்கள் சராசரியாக 8 டன் அளவுக்கு அறுவடை செய்ததாகப் பதிவுகள் வந்தன. நிறுவனத்தின் இயக்குநர் நார்மன் அப்ஹாஃப் முதலில் இதை நம்பவில்லை. பருவந்தோறும் பதிவுகள் தொடர்ந்த பின்னரே பிற நாடுகளின் ஆய்வாளர்களுக்கு இதனை எடுத்துச் சென்றார். 1999இல் சீனாவின் நான்சிங் வேளாண் பல்கலைக்கழகத்திலும் இந்தோனேசியாவிலும் சோதனைகள் நடந்தன. அடுத்த ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆய்வைத் தொடங்கியது.

இம்முறையை உலகறியச் செய்த அப்ஹாஃப் அரசியல் அறிவியல் பேராசிரியர். பயிரியல் அறிஞர் அல்லர். பயிரியல் துறையின் எல்லைக்குள் நின்றிருந்தால் ஒரு பாதிரியாரின் குறிப்புகளுக்கு அவர் செவிசாய்த்திருப்பாரா என்பது ஐயமே. ஊரக நிறுவனங்களையும் உழவர் பங்கேற்பையும் ஆராய்ந்துவந்த ஒருவருக்கு, உழவர் சொல்வதைக் கேட்பது ஆய்வுமுறையின் பகுதியாகவே இருந்தது. பல துறைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் பல்கலைக்கழகத்தில்தான் இத்தகைய வாய்ப்பு அமைகிறது.

முறையின் அடிப்படைகள்

செம்மை நெல் சாகுபடியில் புதிய விதையோ புதிய வேதிப்பொருளோ இல்லை. நாற்று, இடைவெளி, நீர், களை, மண் ஆகியவற்றைக் கையாளும் முறையே மாறுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த வடிவத்தில் அதன் கூறுகள் வருமாறு:

1. 14 நாள் வயதுடைய இளநாற்றுகளை நடுதல்.
2. குத்துக்கு ஒரு நாற்று மட்டும் நடுதல்.
3. 25×25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுதல். இதனால் சதுர மீட்டருக்கு 16 குத்துகள் மட்டுமே அமைகின்றன. வழக்கமான 20×10 செ.மீ. நடவில் 50 குத்துகள் அமையும்.
4. வயலில் மயிரிழை வெடிப்புத் தோன்றிய பின் 2.5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டுதல். அதாவது காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் நிருவகித்தல்.
5. நட்ட 10ஆம் நாள் முதல் 10 நாள் இடைவெளியில் உருளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிக் களையை மண்ணுக்குள் அமிழ்த்துதல்.
6. இலைவண்ண அட்டையைக் கொண்டு தழைச்சத்துத் தேவையை அறிந்து இடுதல்.

எக்டேருக்கு 30 முதல் 60 கிலோ வரை தேவைப்பட்ட விதை இம்முறையில் 7 முதல் 8 கிலோவாகக் குறைகிறது. 20 சென்ட் நாற்றங்காலுக்கு மாற்றாக 2.5 சென்ட் போதுமானதாகிறது. இளநாற்று வேர் அறுபடாமல் விரைவில் ஊன்றுகிறது. தூர்கட்டும் ஆற்றல் குன்றாமல் இருக்கிறது. இடைவெளி மிகுவதால் வெளிச்சமும் காற்றும் கிடைக்கின்றன. நீர் தேங்காத மண்ணில் வேர் அழுகாமல் ஆழமாக இறங்குகிறது. களைக்கருவி ஓடும்போது மண் கிளறப்பட்டு வேர்ப்பகுதி காற்றோட்டம் பெறுகிறது.

இக்கூறுகளுள் சில தமிழ் மண்ணுக்கு முற்றிலும் புதியன அல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது உழவர் வழக்கிலேயே உள்ள தொடர். ஒற்றை நாற்று நடவு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் பரிந்துரைக்கப்பட்டது. தனித்தனியே அறியப்பட்டிருந்தவற்றை ஒரே தொகுப்பாகச் செயற்படுத்தியதே புதுமை.

கோயம்புத்தூரிலிருந்து தாமிரபரணிக்கு

முனைவர் தி.மு. தியாகராஜனும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வுகள், மடகாசுகர் முறையை அப்படியே பெயர்த்து நடவில்லை. நாற்றின் வயது, நீர்ப்பாசனம், களைக்கருவிப் பயன்பாடு ஆகிய கூறுகளைப் பிரித்தும் சேர்த்தும் சோதித்தன. மடகாசுகரில் மக்கிய உரமே முதன்மை பெற்றது. தமிழகத்தில் தொழுவுரத்தோடு வேதியுரமும் இடம்பெறும் வகையில் பரிந்துரை அமைந்தது. கொள்கைத் தூய்மையைவிட உழவரிடம் கைவசம் உள்ளவற்றைக் கருத்தில் கொண்ட திருத்தம் இது.

2002, 2003ஆம் ஆண்டுகளில் காவிரிப் படுகை கடும் நீர்த் தட்டுப்பாட்டுக்கு உள்ளானது. அச்சூழலில், குறைந்த நீரில் நெல் விளையும் என்னும் கூற்று அரசின் கவனத்தை ஈர்த்தது. தமிழ்நாடு அரசின் நிதியுதவியுடன் 2003இல் காவிரிப் படுகையில் 100 உழவர் வயல்களிலும் தாமிரபரணிப் படுகையில் 100 உழவர் வயல்களிலும் ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்தப்பட்டன. ஒரே உழவரின் நிலத்தில் புதிய முறையும் வழக்கமான முறையும் அருகருகே பயிரிடப்பட்டன. தாமிரபரணிப் படுகையில் புதிய முறையின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு 7,227 கிலோவாகவும் வழக்கமான முறையின் சராசரி 5,657 கிலோவாகவும் இருந்தன. ஏறத்தாழ 28 விழுக்காடு உயர்வு இது. மடகாசுகரிலிருந்து வந்த செய்திகள் காட்டிய நான்கு மடங்கு உயர்வு இங்குக் கிடைக்கவில்லை. ஆயினும் உழவர் ஒருவருக்கு எக்டேருக்கு ஒன்றரை டன் கூடுதல் நெல் என்பது சிறிய பயன் அன்று.

இவ்வாய்வு வடிவம் மூன்று வகைகளில் சிறப்புடையது. முதலாவது, ஆய்வு நிலையத்தின் சீரான மண்ணில் கிடைக்கும் விளைச்சலை உழவர் நம்புவதில்லை; தம் ஊர் வயலில் விளைந்ததையே நம்புவர். இரண்டாவது, ஒரே கைகளால், ஒரே மண்ணில் இரு முறைகளும் பயிரிடப்பட்டதால் உழவரின் திறன் வேறுபாடு ஒப்பீட்டைக் குலைக்கவில்லை. மூன்றாவது, உழவர்கள் சோதனையின் பங்காளிகள் ஆயினர். நடவுக் கயிற்றில் அடையாளமிடுவது, களைக்கருவியின் எடையைக் குறைப்பது, நாற்றை வேர்மண்ணோடு எடுத்துச் செல்வது போன்ற திருத்தங்கள் வயலில்தான் உருவாகின்றன.

2004இல் இம்முறை உழவர்களுக்கான பரிந்துரையாயிற்று. பின்னர் உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற நீர்வள நிலவளத் திட்டத்தின் வழியாகப் பல துணைப் படுகைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ‘இராஜராஜன் 1000’ என்ற பெயரும் இதற்குச் சூட்டப்பட்டது. ஒரு தனிமனிதரின் குறிப்பேட்டில் இருந்த முறை, பல்கலைக்கழகத்தின் சோதனையைக் கடந்ததும் அரசுத் திட்டமாகும் தகுதியைப் பெற்றது. தன்னார்வ அமைப்பு ஒன்று நூறு உழவர்களிடம் இதைக் கொண்டு சேர்த்திருக்கலாம். மாநிலக் கொள்கையாக்குவதற்கான சான்றை வழங்கும் நம்பகத்தன்மை பல்கலைக்கழகத்திடமே இருந்தது.

அறிவுலக விவாதமும் பல்கலைக்கழகத்தின் கடமையும்

செம்மை நெல் சாகுபடி கடுமையான எதிர்ப்பையும் சந்தித்தது. 2004இல் ‘ஃபீல்டு கிராப்ஸ் ரிசர்ச்’ என்னும் ஆய்விதழில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் உள்ளிட்டோரின் கட்டுரை, மிகையான விளைச்சல் கூற்றுகள் பயிரின் உடலியல் வரம்புகளுக்குப் பொருந்தாதவை என்று வாதிட்டது. தாமஸ் சின்கிளேர், கென்னத் காஸ்மன் ஆகியோர் அவற்றை உறுதிசெய்யப்படாத வயல் நோக்கீடுகள் என்று ஒதுக்கினர். 2006இல் வெளியான மற்றொரு கட்டுரை, மடகாசுகருக்கு வெளியே கிடைத்த தரவுகளைத் தொகுத்து, பரிந்துரைக்கப்பட்ட சிறந்த மேலாண்மை முறைகளைவிடச் செம்மை நெல் முறை மேம்பட்டதாக இல்லை என்று முடிவு கூறியது. அதனை எழுதிய மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரிஹா ஆகிய மூவரும் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். மடகாசுகர் உழவர்கள் பலர் இம்முறையை ஏற்ற பின்னர்க் கைவிட்டதை ஆராய்ந்த பொருளியலாளர் கிறிஸ்டோபர் பாரெட்டும் கார்னெலைச் சேர்ந்தவரே.

ஆக, ஒரு புத்தாக்கத்தை உலகெங்கும் கொண்டுசென்ற பல்கலைக்கழகத்திலிருந்தே அதற்கு எதிரான வலுவான வாதங்களும் எழுந்தன. இது பல்கலைக்கழகத்தின் முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில் அதன் பயனே இங்குதான் உள்ளது. விதை நிறுவனமோ அரசுத் துறையோ தான் முன்னெடுக்கும் திட்டத்தின் குறைகளைத் தானே வெளியிடுவது அரிது. தன் ஆசிரியர்கள் இரு பக்கமும் நின்று வாதிட இடமளிக்கும் நிறுவனம் தரும் சான்றையே சமூகம் நம்ப இயலும்.

இவ்விவாதத்தின் அடியில் ஒப்பீட்டு அளவுகோல் பற்றிய வினா உள்ளது. விமரிசகர்கள் ஆய்வு நிலையத்தின் சிறந்த மேலாண்மையோடு ஒப்பிட்டனர். தாமிரபரணி ஆய்வு உழவர்களின் நடப்பு வழக்கத்தோடு ஒப்பிட்டது. பயிரியல் கோட்பாட்டுக்கு முதல் ஒப்பீடு தேவை. சிறு உழவரின் வாழ்வில் மாற்றம் நிகழுமா என்பதை அறிய இரண்டாவது தேவை. இரு வினாக்களும் வெவ்வேறானவை என்பதை உணராமல் நடந்த விவாதம் பல ஆண்டுகள் நீண்டது.

பரவலின் எல்லைகள்: நீர், உழைப்பு, பெண்கள்

செம்மை நெல் சாகுபடி தமிழகத்தில் பரவிய அளவுக்கு நிலைபெறவில்லை. முழுத் தொகுப்பையும் கைக்கொண்டவர்களைவிட, விதையைக் குறைத்தல், இடைவெளியைக் கூட்டுதல், களைக்கருவியைப் பயன்படுத்துதல் என்று சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்களே மிகுதி. இதற்கான காரணங்கள் பயிரியலைவிடச் சமூக அமைப்பில் உள்ளன.

நீர் முதலாவது காரணம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்ட வேண்டுமெனில் நீர் வேண்டும்போது கிடைக்க வேண்டும். வேண்டாதபோது வடிய வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு உள்ள உழவருக்கு இது இயலும். கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் ஒருவர் வயலின் நீர் அடுத்தவர் வயலுக்குப் பாய்கிறது. அடுத்த முறை நீர் எப்போது வரும் என்னும் உறுதி இல்லாத உழவர், வந்த நீரை நிறுத்தி வைக்கவே முனைவார். காவிரிப் படுகையின் சம்பா, தாளடிப் பருவங்களில் வடகிழக்குப் பருவமழை வயலை மூழ்கடிக்கும்போது இளநாற்றுகள் தாங்குவதில்லை. மேலும், கால்வாய் நீருக்கும் மின்சாரத்திற்கும் உழவர் விலை கொடுப்பதில்லை. ஆகவே சேமிக்கப்படும் நீரின் பயன் அவருடைய கணக்கில் ஏறுவதில்லை. நீர்ச்சேமிப்பு சமூகத்தின் ஆதாயம். அதற்கான உழைப்போ தனி உழவருடையது. நீர் முறைமையைத் தீர்மானிக்கும் பாசனச் சங்கங்களும் அரசின் நீர்வளத் துறையும் உடன்படாத நிலையில், வயலளவில் மட்டும் நிகழும் புத்தாக்கம் முழுமை பெறாது.

உழைப்பு இரண்டாவது காரணம். சதுர நடவுக்குப் பழகாத நடவுக் குழுக்கள் தொடக்கத்தில் கூடுதல் கூலி கேட்டன அல்லது மறுத்தன. குத்துக்கு ஒரு சிறு நாற்றை, கயிற்றின் அடையாளத்தில் மேலாக ஊன்றுவது வேகமாக நடும் கைகளுக்கு எளிதன்று. பழகிய பின் நேரம் குறைகிறது. ஆனால் பழகும் காலத்தின் செலவை யார் ஏற்பது என்பதற்கு விடை இல்லை. ஊரக வேலையாட்கள் குறைந்துவரும் நிலையில் நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் உழவரை ஈர்த்தன. இயந்திர நடவுக்கு ஏற்பச் செம்மை நெல் முறையைத் திருத்தும் முயற்சிகளும் இதனால் தேவைப்பட்டன.

பெண்களின் நிலை மூன்றாவதும் மிக முக்கியமானதும் ஆகும். தமிழகத்தில் நடவும் கைக்களையெடுப்பும் பெண்களின் வேலைகள். களைக்கருவியைத் தள்ளுவது பல ஊர்களில் ஆண்களின் வேலையாக மாறியது. குனிந்த முதுகோடு சேற்றில் களை பறிக்கும் துன்பம் குறைந்தது. அதே வேளையில் நிலமற்ற பெண்களின் கூலி நாட்களும் குறைந்தன. நில உடைமையாளரின் பார்வையில் செலவுக் குறைப்பாகத் தோன்றுவது கூலிப் பெண்ணின் பார்வையில் வருமான இழப்பு. நீதியானதாக இருத்தல் என்பது சமூகப் புத்தாக்கத்தின் வரையறையிலேயே இடம்பெற்றிருக்கும்போது, விளைச்சலை மட்டும் அளக்கும் ஆய்வு அந்த வரையறையை நிறைவு செய்யாது. களைக்கருவியின் எடையும் கைப்பிடி உயரமும் பெண்களின் உடலுக்கேற்ப அமைந்திருந்தால், பெண்கள் குழுக்களுக்கு அதில் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தால், அவ்வேலை கூடுதல் கூலியோடு பெண்களிடமே நின்றிருக்கக்கூடும். பயிரியலாளர், பொறியாளர், சமூகவியலாளர் மூவரும் முதற்பருவத்திலிருந்தே ஒரே வயலில் நிற்க வேண்டியதன் தேவையை இது காட்டுகிறது.

மதிப்பீட்டு முறையும் ஆசிரியர் பணியும்

இத்தகைய பணியில் ஒரு விரிவுரையாளர் ஈடுபட வேண்டுமெனில் அவருக்கு எவ்வளவு காலம் தேவை? ஒரு நெற்பருவம் ஏறத்தாழ நான்கு மாதம். ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு பருவங்களே கிடைக்கும். நான்கைந்து பருவத் தரவுகள் இன்றி உறுதியான முடிவு கூற இயலாது. இடையில் ஓராண்டு மழை பொய்த்தால் அப்பருவம் வீணாகும். இதே காலத்தில் ஆய்வகத் தரவுகளைக் கொண்டு பல கட்டுரைகளை வெளியிட்டுவிடலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த மதிப்பெண் முறையும், 2018இல் அதனைத் திருத்திய நெறிமுறைகளும் ஆசிரியர் பதவி உயர்வில் ஆய்வு வெளியீடுகளுக்குப் பெரும் எடை அளிக்கின்றன. நூறு உழவர்களின் வயல்களில் ஒரு முறையைச் சோதித்து, அது பயன்தராது என்று கண்டறிந்து, அவர்களை இழப்பிலிருந்து காத்த ஆசிரியரின் பணிக்கு இம்முறையில் இடம் காண்பது கடினம். எர்னெஸ்ட் பாயர் 1990இல் அமெரிக்க உயர்கல்வியை முன்வைத்து, கண்டறிதல், ஒருங்கிணைத்தல், செயற்படுத்தல், கற்பித்தல் ஆகிய நான்கையும் புலமையாகவே கருத வேண்டும் என்று வாதிட்டார். அவ்வாதம் இந்தியச் சூழலுக்கும் பொருந்துகிறது.

2014இல் தொடங்கப்பட்ட உன்னத் பாரத் அபியான் திட்டம், உயர்கல்வி நிறுவனங்கள் ஊர்களைத் தத்தெடுத்துப் பணியாற்ற வழிவகுத்தது. இதன் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆயினும் ஊருக்குச் செல்வது மட்டும் போதாது என்பதைச் செம்மை நெல் வரலாறு உணர்த்துகிறது. ஊரின் சிக்கலை ஆய்வு வினாவாக மாற்றுவதும், அவ்வினாவோடு பல பருவங்கள் தங்குவதும், முடிவை ஊராரிடமே முதலில் கூறுவதும் நிறுவனத்தின் வழக்கமாக வேண்டும்.

முடிவுரை

செம்மை நெல் சாகுபடியின் வரலாற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. சமூகப் புத்தாக்கம் பல்கலைக்கழகத்திற்கு உள்ளேதான் பிறக்க வேண்டும் என்பதில்லை. உழவரிடமும் தொழிலாளரிடமும் ஊரகத் தொண்டரிடமும் பிறப்பதைக் கண்டறியும் கண் பல்கலைக்கழகத்திற்கு வேண்டும்.

2. கண்டறிந்ததை மக்கள் வாழும் சூழலிலேயே, அவர்களைப் பங்காளிகளாகக் கொண்டு சோதிப்பது பல்கலைக்கழகத்தின் தனிப்பணி. ஒரு முறை அரசின் கொள்கையாகும் தகுதியை இச்சோதனையே வழங்குகிறது.

3. ஒரு புத்தாக்கத்தை ஆதரிப்போரும் மறுப்போரும் ஒரே வளாகத்தில் இயங்குவது குறையன்று. அச்சுதந்திரமே பல்கலைக்கழகச் சான்றின் மதிப்பு.

4. பயனை மட்டுமன்றி, அப்பயனுக்கான விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் ஆய்வு அளக்க வேண்டும். கூலிப் பெண்களின் வேலைநாட்களும் கடைமடை உழவரின் நீர்ப் பங்கும் விளைச்சல் அட்டவணைக்கு அருகிலேயே இடம்பெற வேண்டும்.

5. ஆசிரியர் மதிப்பீட்டு முறை களப்பணியின் கால அளவையும், எதிர்மறை முடிவுகளின் பயனையும் ஏற்றுக்கொள்ளும் வகையில் திருத்தப்பட வேண்டும்.

விற்பதற்கு எதுவும் இல்லாத புத்தாக்கத்தைச் சோதிக்க எந்த வணிக நிறுவனமும் முன்வராது. விதையைக் குறை, நீரைக் குறை என்று சொல்லும் முறையால் ஆதாயம் பெறும் விற்பனையாளர் எவரும் இல்லை. அவ்வாறான அறிவுக்கு உரிய புகலிடம் பொதுப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகமே. அப்பொறுப்பைப் பல்கலைக்கழகமும் கைவிடுமாயின், உழவர் வயலில் பிறக்கும் நல்ல முறைகள் சோதிக்கப்படாமலே மறையும். தீய முறைகளும் சோதிக்கப்படாமலே பரவும்.